மகன் யார் சொத்து?

கட்டைகள் உண்டு, ஓசை இல்லை. அந்த ஊமைப் பலகையின் முன் அமர்ந்து பள்ளி மாணவன் ஒருவன் விரல்களை ஓடவிடுகிறான். இசை அவன் நெஞ்சுக்குள் மட்டுமே ஒலிக்கிறது. ஏன் இந்த நிலை? ஓடி ஒளியும் குடும்பம் பியானோவைச் சுமந்து திரிய முடியுமா?

1988இல் வெளிவந்த 'ரன்னிங் ஆன் எம்ப்டி' என்னும் அமெரிக்கப் படத்தில் வரும் காட்சி இது. கதை தீட்டியவர் நவோமி ஃபோனர். இயக்கியவர் சிட்னி லூமெட்.

வியட்நாம் மக்களைச் சுட்டெரித்த நாபாம் தீக்குழம்பை ஆராய்ந்த கூடம் ஒன்றை, ஆர்தர், ஆனி எனும் இணையர் 1971இல் குண்டு வைத்துத் தகர்க்கின்றனர். ஆளில்லை என்று எண்ணிய இடத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி இருந்தார். அவர் கண்ணிழந்தார், உடல் முடங்கினார். அன்று தொடங்கியது ஓட்டம். ஊருக்கொரு பெயர், தலைமுடிக்கோ புதுப்புது நிறம்!

தோழர்களே! போரை எதிர்த்தவர்கள் பெற்றோர். ஒளிந்து வாழ்பவர்களோ பிள்ளைகளுந்தான். மூத்தவன் டேனியின் இசைத்திறனைப் பள்ளியின் இசையாசிரியர் கண்டறிகிறார். புகழ்பெற்ற ஜூலியார்டு இசைக்கல்லூரி அவனை ஏற்கவும் அணியமாகிறது. ஆனால் பழைய பள்ளிச் சான்று எங்கே? எந்தப் பெயரில் கேட்பது? ஆசிரியனாகிய நான் கலங்கிய இடம் இது. அறிவிருந்தும் பெயரில்லை என்பதற்காக ஒரு மாணவன் வாசலில் நிற்கலாமா?

தந்தை மறுக்கிறார். குடும்பம் பிரியக்கூடாதாம்! அரசின் ஆணையை எதிர்த்தவர் வீட்டுக்குள் அரசராகிவிட்டார். எனினும் அவர் கொடியவரல்லர். துப்பாக்கிகளோடு வந்த பழைய தோழனை வீட்டைவிட்டு விரட்டும் நேர்மையாளர். இந்த நடுநிலையே படத்தின் பெருமை. தாயோ, பல்லாண்டுகளுக்கு முன் பிரிந்த தன் தந்தையை உணவகத்தில் சந்தித்து, மகனை ஏற்குமாறு வேண்டுகிறாள். தான் பெற்றோர்க்குத் தந்த பிரிவைத் தானே சுமக்கத் துணிகிறாள். சொற்கள் குறைவு, துயரமோ பெரிது.

குறையும் உண்டு. விழியிழந்த அந்தத் தொழிலாளி திரையில் தோன்றுவதேயில்லை. உழைப்பாளியின் இழப்பு வெறும் செய்தியாகவே நின்றுவிடுகிறது. அவர் முகத்தையும் காட்டியிருந்தால், வன்முறையின் விலை இன்னும் ஆழமாய்ப் பதிந்திருக்கும்.

இறுதியில், மீண்டும் ஓட வண்டி காத்திருக்கிறது. மகனின் மிதிவண்டியை இறக்கச் சொல்கிறார் தந்தை. அவன் நிற்கிறான், அவர்கள் போகிறார்கள். தோல்வியா இது? தந்தை பெற்ற முதல் வெற்றி என்பேன் நான்.

இயக்கத்தில் உழைக்கும் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பு வகுத்த பாதையில் நடக்க மறுத்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு நாமே பாதை விதிக்கலாமா? அவர்கள் நம் கொள்கையை ஏற்கட்டும். ஆய்ந்து, அறிந்து, விரும்பி ஏற்கட்டும். குருதி வழியே வருவது கொள்கையானால், அதற்கும் குலத்திற்கும் வேறுபாடு என்ன?