ஆய்வேடுகளிற் பூருவபக்கம்

சைவசித்தாந்த நூல்களைப் பொருளாகக் கொண்டு முனைவர் பட்டத்தின்பொருட்டு எழுதப்பெறும் ஆய்வேடுகளில் 'ஆய்வு முன்னோடிகள்' என்றொரு பகுதி முற்பட நிற்கும். எடுத்துக்கொண்ட பொருள்பற்றி முன்னர் எழுதினார் யாவர், அவர் யாது கூறினர், இனி ஆராய எஞ்சியது யாது என்று காட்டுதல் அதன் பயன். நம் ஆசிரியர் பூருவபக்கம் என வழங்கியதனோடு இஃது உறவுடையதே. ஆயினும் அப்பகுதி பலகாலும் வெறும் பெயர்க்கோவையாய் ஒழிகின்றது. இன்னார் இவ்வாண்டில் இந்நூல் எழுதினார், அஃது இத்துணை இயல்களையுடையது என்ற அளவில் வாக்கியம் முடிந்துவிடும். அந்நூலார் எச்சான்று கொண்டு அங்ஙனம் கூறினார் என்னும் வினா எழுவதேயில்லை. நூலுக்கு எழுவகை மதம் வகுத்த நன்னூலார், பிறன் கூறியதைப் பெயர்த்தெழுதி அகல்வதனை அவ்வேழனுள் ஒன்றாக எண்ணிற்றிலர்.

இக்குறை எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பது ஒரு வினாவைக்கொண்டு நோக்கின் விளங்கும். சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டும் இரௌரவாகமத்தினின்று மொழிபெயர்த்தனவோ, மெய்கண்டதேவர் தமிழிலேயே அருளிய முதனூலோ என்பது நெடுநாள் வழக்கு. சிவாக்கிரயோகிகள் 16-ஆம் நூற்றாண்டில் வடமொழிச் சூத்திரங்கட்கே பாடியஞ் செய்தார். 18-ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தமிழ்நூலை மொழிபெயர்ப்பெனக் கொண்டே மாபாடியம் வகுத்தார். 1854-இல் ஹொய்சிங்டன் பாதிரியாரும், 1895-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையும் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்களிலும் அக்கொள்கையே காணப்படும். இந்நால்வரையும் இவர் வழிவந்தாரையும் நிரல்பட நிறுத்தி, 'இத்துணையர் உடன்பட்டனர்' என்று தொகையால் முடிபு காண்பது எளிது. அது முடிபாகாது. முன்னொருவர் கூறியதனைப் பின்னொருவர் எடுத்து மொழிதல் அநுவாதம். அநுவாதம் புதிய பிரமாணமாதல் தருக்க நூலார்க்கு உடன்பாடன்று. ஆகலின் ஒவ்வொருவரையும் நோக்கி, இவர் ஆகமச்சுவடியைத் தாமே கண்டு கூறினரோ, வழங்கிவந்த கொள்கையை வழிமொழிந்தனரோ என வினவல்வேண்டும். அங்ஙனம் வினவியபின் எஞ்சுவோர் மிகச் சிலராதல் கூடும். அச்சிலரே சான்றாவார்.

முதனூற் கொள்கையினரும் இதற்கு விலக்கல்லர். புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலாக என். ஆர். பட் 1961 முதலாக வெளியிட்ட இரௌரவாகமப் பதிப்பில் அச்சூத்திரங்கள் காணப்படாமையை அவர் பெருஞ்சான்றாகக் காட்டுவர். காணப்படாமையும் ஒரு சான்றே. ஆயின், இருந்திருப்பின் தவறாது காணப்பட்டிருக்கும் என்னுமிடத்தன்றி அஃது இன்மையை நிறுவாது. கிடைத்த சுவடிகள் அவ்வாகமத்தின் எப்பகுதியை முழுதுற உடையன, எப்பகுதியை இழந்தன என்று முதற்கண் காட்டல்வேண்டும். அதனைக் காட்டாது 'பதிப்பில் இல்லை' என ஒருவர் எழுத, அவரைக் கண்டு பதின்மர் எழுதின், அதுவும் அநுவாதமே.

அற்றேல், மூன்றாண்டில் முடிக்கவேண்டிய இளையோர் இவையனைத்தையும் ஆராய்தல் இயலுமோ எனின், இயலாதெனின் நூற்றொகையைச் சுருக்குக. நாற்பது நூலின் பெயரடுக்குவதினும் நான்கு நூலை அகழ்ந்து நோக்குதல் ஆய்வேட்டிற்குப் போதும்.

பிறர்கோளைக் கூறுமாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் பரபக்கத்திற் பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொன்றனையும் அம்மதத்தார் வாயிற் கேட்பதுபோல முதலில் முழுதுங்கூறிப் பின்னரே மறுதலை கூறினார். உலகாயதன் கூற்று அங்கே மெலிவுற்று நிற்பதின்று. இக்கால ஆய்வேடுகளிலோ மறுத்தற்கெளிய ஒரு வாக்கியமே மாற்றார் கொள்கையாகப் பறித்து வைக்கப்படும். உமாபதிசிவம் 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் ஒரு மதத்தாரை அடுத்து வரும் மதத்தாரே மறுக்க வைத்தமையும் நோக்குக. முன்னோர் ஒருவரோடொருவர் எவ்வாறு பிணங்கினர் என்பது அவ்வமைப்பினாலேயே புலனாகும்.

இங்ஙனம் பயில விழைவார்க்குச் சித்தியார் சுபக்கம் அறுவர் உரை தக்கதொரு களம். ஒரு செய்யுளைக் கொண்டு, அறுவருள் யார் யாரைத் தழுவினர், எச்சொல்லிற் பிரிந்தனர் என்று குறித்து, ஞானப்பிரகாசர் உரையைச் சிவஞான முனிவர் 'சிவசமவாதவுரை மறுப்பு' என்னும் நூலில் எவ்வாறு எடுத்துக்கொண்டு மறுத்தார் என்பதனையும் உடன்வைத்து நோக்குவராயின், ஆய்வேட்டின் அப்பகுதியை எழுதுமாறு தாமே அறிவர்.