சொந்தப் பாட்டு இல்லாத ஆயுள்

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஆடித் திருவிழாவில் தெருக்கூத்துக்கு ஆள் பேசும்போது வாத்தியார் யார் என்பதுதான் முதல் கேள்வி. இன்னிசைக் கச்சேரிக்கு அது கிடையாது. ரேட் என்ன, லேடீஸ் வாய்ஸ் எத்தனை, டான்ஸ் உண்டா என்பதோடு பேச்சு முடியும். போஸ்டரில் குழுவின் பெயர் அப்படியே நிற்கும். மேடையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். டி.எம்.எஸ். குரலில் பாடியவர் விலகினால் அதே குரலில் இன்னொருவர் வருவார். பாட்டு அவருடையது இல்லையே, அதனால் குழுவுக்கு நஷ்டமும் இல்லை. இந்தக் குழுக்கள் நீடிப்பதற்கும், இவற்றில் பாடிய ஒருவர் பெயரும் ஊருக்கு நினைவில்லாமல் போவதற்கும் காரணம் ஒன்றே.

சொந்தப் பாட்டு இருந்தால் என்ன ஆகும்? 1970இல் பாஸ்டனில் தொடங்கிய ஏரோஸ்மித் என்ற ஹார்டு ராக் குழு, கிட்டாரிஸ்ட் ஜோ பெர்ரி 1979இல் சண்டையில் வெளியேறியதும் தள்ளாடியது. அவர் கிட்டாருக்கு மாற்று ஆள் வந்தும் பழைய சத்தம் வரவில்லை. 1984இல் அவர் திரும்பினார். ஆனால் 1987இல் குழு மறுபடி எழுந்தது வெளிப் பாடலாசிரியர்களையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான். அமெரிக்கத் தரவரிசையில் அவர்கள் முதலிடம் பிடித்த ஒரே பாட்டு 1998இல் வந்தது. எழுதியவர் டயான் வாரன். அதுவும் 'அர்மகெடான்' என்ற சினிமாவுக்காக! நம் கச்சேரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். முன்னால் பாடும் ஸ்டீவன் டைலரின் குரல்வளையில் பட்ட காயத்தால் 2024இல் அந்தக் குழு சுற்றுப்பயணத்தையே நிறுத்தியது. அவருக்குப் பதில் ஆள் போட முடியவில்லை. அவர்களுடைய பெருமையும் அதுதான்.

நகல் என்று இங்குள்ளவர்களைத் தள்ளிவிடவும் முடியாது. சரளி வரிசை படிக்காதவர்கள் இடையிசையைக் காதால் கேட்டே பிடித்து, ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பார்கள். எஸ்.பி.பி. பிரபலமாகும் முன் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் அவர் சகோதரர்களும் வாசித்தார்கள். அதற்கும் முன்னே அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில், ஊர் அறிந்த சினிமா மெட்டிலும் தன் அரசியலை ஏற்றிப் பாடினார். இரவல் மெட்டுதான், சொல் சொந்தம். என் கணக்கில் அது நகல் இல்லை.

இன்று அந்த வாசிப்புத் திறமைக்கே வேலை குறைந்துவிட்டது. வயலின், தபேலா, பாங்கோஸ் எல்லாம் கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் உள்ளே போயின. சில மேடைகளில் டிராக் ஓடுகிறது, பாடகர் மட்டும் பாடுகிறார். அதற்கு ஸ்பீக்கர் வைத்தவரே போதுமே! கூத்து வாத்தியாரோ பாரதக் கதைக்கு நடுவில் உள்ளூர்ச் சர்க்கரை ஆலையையும் கரும்பு பாக்கியையும் கட்டியங்காரன் வாயில் நுழைத்துவிடலாம். அந்த இடம் கச்சேரியில் இல்லை. பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, எம்.ஜி.ஆர்., சிவாஜி, குத்துப் பாட்டு என்று வரிசை முன்பே முடிவாகிவிடும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி; போலீஸ் கண்டிப்பு காட்டும் ஊர்களில் ஒன்பதரைக்கே கடைசிப் பாட்டுக்கு அவசரப்படுத்துகிறார்கள். இதற்குள் ஒரு புது மெட்டைப் பாடிப் பார்க்கிற துணிச்சல் யாருக்கு வரும்? காசு கொடுக்கிற விழாக் குழுவும் அதைக் கேட்பதில்லை. கேட்டால், எழுதி வைத்த நோட்டோடு வருகிற கீபோர்டுக்காரர்கள் இந்தப் பக்கம் இல்லாமல் இல்லை.