கோப்பி ஓ கோசோங்

செனாவாங் நிலையத்தில் விடிகாலை ரயிலுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் கோலாலம்பூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். விடுமுறை நாளில் நான் தெற்கே போகிற வண்டியைப் பிடிப்பேன். பசியாறாமல்தான் ஏறுவேன். வழியில் இறங்கி இறங்கிக் கோப்பி குடிப்பதற்காகவே போகிற பயணம் அது.

சுங்கை காடுட் தாண்டினால் இடப்பக்க சன்னலில் மலை தொடங்கிவிடும். தித்திவாங்சா தொடரின் தென்வால் அது. ரெம்பாவ் வட்டாரத்துக் குனோங் டத்தோ 884 மீட்டர்தான். ஆனால் காலைப் பனியில் அதன் உச்சி தெரியாதபோது இமயமே நிற்பதுபோல் இருக்கும். மலையடிவரை செம்பனை. அதற்கு முன்பு அங்கே பால்மரம் நின்றது. பால்மரத்துக்கும் முன்னால் இந்த மாநிலத்தில் என்ன நட்டார்கள் என்று கேட்டால், தோட்டத்தில் பிறந்தவர்களிலேயே பலர் யோசிப்பார்கள்.

காப்பி நட்டார்கள். 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே அராபிகா அழிந்தது. துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து, தாழ்நிலச் சூட்டைத் தாங்கும் லைபீரிகா இனத்தை நட்டார்கள். ரந்தாவ் பக்கத்து லின்சம் தோட்டம் 1880களில் அப்படி எழுந்ததுதான். நூற்றாண்டு முடிவதற்குள் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. துரைமார் ரப்பருக்கு மாறினார்கள். ஆக, கங்காணியோடு கப்பலேறி வந்த நம் ஆட்களில் முன்னே வந்தவர்கள் உளி பிடிக்கும் முன் காப்பிப் பழம் பறித்தவர்கள்.

லைபீரிகாவை அறிந்து குடிப்பவர்கள் குறைவு. உலகக் காப்பியில் அதன் பங்கு மிகச் சிறியது. மலேசியாவில் விளைவதிலோ அதுதான் பெரும்பங்கு, அதுவும் முக்கியமாக ஜொகூரில். மரம் ஓங்கி வளரும், இலை அகலம், கொட்டை ஒருபக்கம் கோணலாக இருக்கும். நல்ல லைபீரிகாவைக் கருக்காமல் வறுத்து இறக்கினால், மூக்குக்கு முதலில் வருவது பழுத்த பலாச்சுளையின் வாசம். அந்த வாசத்துக்குப் பெயர் சொல்ல நமக்குப் பிறர் அகராதி வேண்டியதில்லை.

கடைக் கோப்பியில் அந்த வாசம் நேராக வராது. பெரும்பாலும் ரொபஸ்டா இனக் கொட்டையும் கலந்திருக்கும். கொட்டை கறுக்க வறுபட்டதும் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கிளறுவார்கள். சீனி பாகாகிக் கொட்டையைப் போர்த்தும். தட்டில் கொட்டினால் கட்டியாக இறுகும், உடைத்து அரைப்பார்கள். மங்கில் தெரியும் கருமையும் நாக்கில் தங்கும் கொழகொழப்பும் அதனால்தான். கலப்படம் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் ஒப்பமாட்டேன். ஃபில்டர் காப்பிக்குச் சிக்கரி எப்படியோ, இதற்கு இந்தப் பாகு அப்படி. மிஞ்சினால்தான் கெடும்.

மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, பாலும் சீனியும் இல்லாமல் கேட்பது: கோப்பி ஓ கோசோங். 'ஓ' ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. 'கோசோங்' மலாயில் வெறுமை. டின் பால் எல்லாக் குறையையும் மூடிவிடும். தம்பினில் நான் உட்கார்ந்த கடையில் பாகு தூக்கல். இரண்டாம் மடக்கில் நாக்கு சலித்தது. கிம்மாஸில், கிழக்குக்கரைப் பாதை பிரிகிற அந்தச் சந்திப்பூரில், துணிப்பை வடிகட்டியை உயரத் தூக்கி இரண்டு பாத்திரத்துக்கிடையே ஐந்தாறு முறை ஆற்றி ஊற்றினார் ஒரு கிழவர். கசப்பு நேராக வந்து நேராகப் போனது. அவர் மங்கை முதலில் வெந்நீரில் முக்கியெடுத்ததைக் கவனித்தேன். கோப்பி கடைசி மிடறுவரை சூடாக இருந்தது. வழியில் இன்னொரு நிலையத்தில் பொட்டலத் தூளைக் கரைத்துக் கொடுத்தார்கள். பாதி குடித்து வைத்துவிட்டேன்.

பயணத்தின் முடிவு குளுவாங். 2025 முதல் மின்ரயிலே அங்கே போகிறது. பூலாவ் செபாங்கில் மாறி ஏறினால் போதும். அங்கே ரயில் நிலையத்துக் கோப்பிக்கடை 1938இல் தொடங்கியது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை எல்லாம் உண்டு. எல்லோரும் அதைத்தான் புகழ்வார்கள். நான் முதலில் கோப்பியைத் தனியாகக் குடித்தேன். பாகு பின்னால் நின்றது, கசப்பு முன்னால் வந்தது, ஆறிய பிறகும் புளிப்பு ஏறவில்லை. ஆறவிட்டுக் குடித்துப் பார்ப்பதுதான் என் சோதனை. இந்தப் பாதையில் நான் குடித்தவற்றில் அதற்கே முதலிடம் தருவேன். கிம்மாஸ் கிழவருடையது அதற்கு அடுத்து.

திரும்பும்போது ஜொகூரில் விளைந்த லைபீரிகாத் தூள் கால் கிலோ வாங்கி வந்தேன், பாகு சேராதது. வீட்டில் துணிப்பையில் வடித்து அம்மாவிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்து, "பலாப்பழம் எங்கேடா வெட்டினே?" என்றார். நீங்களும் ஒருமுறை வாங்கி, முதல் மங்கை மட்டும் சீனி போடாமல் குடியுங்கள்.