படக் கம்பனிகளின் இலச்சினை

சேரர்க்கு வில்லும் சோழர்க்குப் புலியும் பாண்டியர்க்குக் கயலும் இலச்சினையாய் விளங்கின. இக்காலத்தில் அம்மரபினை ஒருவாறு மேற்கொண்டவை சலனப்படக் கம்பனிகள் எனலாம். படந் தொடங்குமுன் திரையிலே தோன்றும் சின்னம் சிறிது நேரமே நிற்பதாயினும், வரும் படத்தின் தரத்துக்குப் பிணை நிற்பது அதுவே. அத்தகைய சின்னத்துக்குச் சிறப்பு யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1929இல் கோலாப்பூரில் சாந்தாராம் முதலிய ஐவர் தொடங்கிய கம்பனி பிரபாத். பிரபாதம் என்பது விடியற்காலை. பெண்ணொருத்தி உடல் வளைத்து நின்று நெடுங்கொம்பு ஊதுவதே அதன் சின்னம். பெயர் கூறும் பொருளையே காட்சியும் கூறுகின்றது. பேசும்படம் வந்தபின் கொம்பின் ஓசையும் அதனையே கூறிற்று. எழுத்தறியாதவனும் அதன் பொருளை உணர்வான். பாபநாசம் சிவன் திரையுலகிற் புகுந்த ‘சீதா கல்யாணம்’ (1934) என்னும் தமிழ்ப் படமும் இக்கம்பனியின் ஆக்கமே.

வாசனின் ஜெமினிக்கும் ஊதுகொம்பே சின்னம். ஊதுவோர் இரட்டைக் குழந்தைகள். ஜெமினி மிதுன ராசியாதலின் இரட்டையர் பொருந்துவர். கொம்போ பெயரோடு இயைபில்லாத முழக்கம். விஜயா கம்பனியின் அனுமக்கொடி நுட்பமானது. விஜயன் அருச்சுனன் பெயர். அவன் தேர்க்கொடியில் இருப்பவன் அனுமன். ஆயின் பாரதம் அறிந்தார்க்கே அது புலனாகும். ஹொங்கொங்கில் சீனமொழிப் படங்களை ஆக்கிய ஷோ சகோதரரின் கேடயமோ அமெரிக்க வார்னர் சகோதரரின் கேடயத்தை நினைவூட்டும் இரவற்சின்னம். இவற்றுள் பிரபாத்தின் சின்னமே தலையாயது என்பது எம் துணிபு.

அக்கம்பனி கால் நூற்றாண்டளவே வாழ்ந்தது. எனினும் படங்கள் அடுத்தடுத்து வந்தமையால் சின்னம் மக்கள் நெஞ்சில் நிலைத்தது. ஈழத்திலும் ‘தோட்டக்காரி’ (1963), ‘குத்துவிளக்கு’ (1972), ‘வாடைக்காற்று’ (1978) முதலிய தமிழ்ப் படங்கள் எழுந்தன. ஆயின் ஈழத்துத் தயாரிப்பாளர் பலர் ஒரு படத்தோடு நின்றனர். வன்னியிலே படம் பார்த்தோர் சென்னைச் சின்னங்களைக் கண்டதும் இனங்காணப் பழகினர். நம் நாட்டுக் கம்பனியொன்றின் சின்னத்தை அவ்வாறு பழகும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டவில்லை.

பன்முறை கண்டாலன்றி எவ்வுருவும் சின்னமாகாது. ஓவியர் வரைவது உருவத்தை மட்டுமே. ஆதலின் இம்மண்ணிற் படமெடுக்க முனைவோர் அழகிய சின்னத்தை அமைப்பதோடு அமையாது, அதன்கீழ் இரண்டாம் படத்தையும் மூன்றாம் படத்தையும் தருதல் வேண்டும்.