முழங்கும் மண்டபமும் அடக்கி வாசிக்கும் கலையும்

பாடுகிறவருடைய குரலையும் வாசிக்கிறவருடைய கைத்திறனையும் புகழ நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், கிரானைட் தரையும் டைல்ஸ் பதித்த சுவர்களும் உயர்ந்த கான்கிரீட் விதானமுமாக எழுந்து நிற்கும் கல்யாண மண்டபம் ஒன்றில், டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு, தபலா, நாலைந்து குரல்கள் ஆகிய அத்தனையையும் ஒன்றில் ஒன்று கரைந்து குழம்பிவிடாமல் கடைசி வரிசை வரை கொண்டு சேர்க்கிறாரே, மிக்சர் முன்னால் அமர்ந்திருக்கும் அந்த மனிதர், அவருடைய வித்தையைப் பற்றி ரசிகர்கள் பேசிக் கேட்பது அபூர்வம். அதையும் சங்கீத வித்தைகளில் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்பதும், அடக்கமே அதன் உயிர்நாடி என்பதும் என் துணிபு.

விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஓடும் சப்தம், திரைச்சீலையும் கம்பளமும் இல்லாத கூடத்தில் சுவருக்குச் சுவர் மோதி, தரைக்கும் விதானத்துக்குமாக அலைந்து, அடங்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒலி தன் பலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்வதற்கு ஆகும் நேரத்தையே எதிர்முழக்கக் காலம் என்கிறார்கள். அது 3 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 120 அடி விழும் துள்ளல் பாட்டு ஒன்றில், ஓர் அடியின் முழக்கம் தேய்ந்து முடிவதற்குள் மேலும் ஆறு அடிகள் அதன்மேல் வந்து விழுந்துவிடும். இந்நிலையில் பாட்டின் வார்த்தை புரியவில்லை என்று சபையிலிருந்து யாரேனும் கையசைத்தால், அநுபவமில்லாதவர் உடனே சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் பாடகரின் குரல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவும் சுவர்களின் பங்கும் கூடுமாகையால், இரைச்சல் வளருமே அன்றித் தெளிவு ஓர் அணுவும் வளராது. இந்த ஒரு விஷயம் எவருக்குக் கைவிரலோடு ஒட்டிய ஞானமாகிவிட்டதோ, அவரே இந்தக் கலையில் தேர்ந்தவர்.

இந்த ஞானத்துக்குக் கணித வடிவம் தந்தவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்கப் பௌதிக ஆசிரியர். 1895-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஃபாக் கலைக்கூடத்துப் பிரசங்க மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற குறையைத் தீர்க்க நியமிக்கப்பட்ட அந்த இளைஞர், ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, அந்த நாதம் காதுக்கு மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனார். காலி மண்டபத்தில் அது சுமார் ஐந்தரை விநாடி நின்றது. மெத்தைகள் பெருகப் பெருகக் குறைந்தது. கூடத்தின் கன அளவு பெருகினால் முழக்கம் நீளும், ஒலியை விழுங்கும் பரப்பு பெருகினால் சுருங்கும் என்ற அவருடைய சூத்திரத்தைத் துணைக்கொண்டு எழுந்ததுதான், 1900-ல் திறக்கப்பட்டு இன்றளவும் கீர்த்தியோடு விளங்கும் பாஸ்டன் சிம்பனி ஹால்.

அந்தச் சூத்திரத்தை நம் மண்டபத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 30 மீட்டர், அகலம் 15 மீட்டர், உயரம் 6 மீட்டர். தம்மேல் படும் ஒலியில் இருபதில் ஒரு பங்கை மட்டுமே விழுங்கும் வெற்றுப் பரப்புகள். கணக்கிட்டால் முழக்கம் சுமார் 6 விநாடி வரும். அங்கே 500 பேர் வந்து அமர்ந்தால், ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒலியை முழுதும் விழுங்கும் அரைச் சதுர மீட்டர் அளவுள்ள திறந்த ஜன்னலுக்குச் சமானம் ஆதலால், அது ஒன்றரை விநாடிக்கும் கீழே இறங்கிவிடும். மாலையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒலியைச் சரிபார்க்கிறவர், இன்னும் வந்து சேராத ஜனங்களையும் கணக்கில் வைத்துக் கேட்டாக வேண்டும். அதோடும் விட்டதா? வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்போதே பந்தி விரிக்கப்படும். பாதிச் சபை எழுந்து சாப்பிடப் போகும். மண்டபம் மறுபடியும் முழங்கத் தொடங்கும். அந்தக் கணத்தில், மேடையில் பாடுகிறவர் கூட அறியாதபடி, தாளவாத்தியங்களை ஒரு மயிரிழை தாழ்த்திவிட்டு, பந்தி முடிந்து ஜனங்கள் திரும்பியதும் பழைய நிலைக்கு உயர்த்தும் அந்த விரலின் லாவகம், சிறந்த மிருதங்க வித்வான் பாடகரின் மூச்சறிந்து வாசிப்பதற்கு ஒப்பானது.

ஒலியமைப்பாளர் வேலை செய்வதை அருகிருந்து கவனித்தால் யாவும் கழித்தல் கணக்காகவே இருக்கக் காணலாம். மண்டபத்தின் நடுவில் நின்று ஒரு கைதட்டு. அது எந்தச் சுவரிலிருந்து திரும்புகிறது என்று ஒரு செவிசாய்ப்பு. பிறகு, ஸ்பீக்கர்களைத் தலைகளுக்கு மேலே உயர்த்தி, பின்சுவரைப் பாராமல் உட்கார்ந்திருப்போரைப் பார்க்கும்படி முகத்தைக் கீழே சாய்க்கிறார். பட்டும் பருத்தியும் உடுத்திய உடல்களின்மேல் விழுந்த ஒலியில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துபோகும். பெரிய டிரம்மின் வயிற்றுக்குள் ஒரு போர்வை புகுகிறது. கிட்டார்க்காரரின் பெட்டி அவருடைய காதை நோக்கி நிமிர்த்தப்பட்டு, சத்தம் குறைக்கப்படுகிறது. மேடையிலேயே எழும் சப்தத்தை மிக்சரால் குறைக்க வழியில்லை என்பதால், இந்த ஏற்பாடுகளே பாதி வெற்றி.

மறுபாதி மிக்சரில். ஜனக்கூட்டம் மேல் ஸ்தாயியை விழுங்கும் அளவுக்குக் கீழ் ஸ்தாயியை விழுங்குவதில்லை. ஆகவே பேஸ் கிட்டாரின் கனத்தைக் குறைக்கிறார், குரல் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடுகிறார், பாடாதவர் மைக்கை உடனுக்குடன் மூடிவிடுகிறார். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடுமாதலால், பாடகரிடம், “அண்ணே, மைக்கைக் கொஞ்சம் கிட்டப் பிடிச்சுக்குங்க” என்று பணிவாகச் சொல்கிறார். “எக்கோ கொஞ்சம் போடு தம்பி” என்று அவர் கேட்டால், “மண்டபமே போடுதுண்ணே” என்று சிரித்து, அந்தக் குமிழைத் தொடாமல் விடுகிறார்.

முழக்கத்தைப் பகையென்று மட்டும் கருதுவதும் ரசனைக் குறைவே. புல்லாங்குழல் முன்னே வரும் மெதுநடைப் பாட்டுக்கு, நீண்ட கார்வையின் வாலில் அந்த மண்டபம் சேர்க்கும் மிருதுவை எந்த இயந்திரமும் தராது. இதை உணர்ந்த குழுத்தலைவர், கூட்டம் குறைந்த வேளையில் மெலடிப் பாட்டுகளையும், சபை நிறைந்தபின் துள்ளல் பாட்டுகளையும் வைத்துக்கொண்டு, ஒலியமைப்பாளரோடு கூடிப் பாட்டு வரிசை வகுக்கிறார்.

1871-ல் திறந்த நாளிலேயே எதிரொலிக்குப் பேர்போன லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு, நூறாண்டு நெருங்கிய பிறகு, 1969-ல்தான், விதானத்திலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்டு ஓரளவு பரிகாரம் கண்டார்கள். நம் மைக் செட்காரருக்கோ கிடைப்பது ஒரு மாலைப்பொழுது. கட்டடத்தில் ஓர் ஆணி அடிக்கவும் அவருக்கு உரிமையில்லை. மண்டபம் கட்டுகிறவர்கள் பின்சுவரில் கனத்த திரையும் விதானத்தில் ஒலியுறிஞ்சும் பலகையும் வைத்தால் அவர் பாரம் பெரிதும் குறையும். கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே மேடையை அவர் கையில் ஒப்படைத்தால் இன்னும் குறையும். ரசிகர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழக் கேட்டோமானால், பாடியவரைப் பாராட்டிய கையோடு மிக்சர் அருகேயும் சென்று, அவருடைய பெயரைக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகலாம்.