ரத்தப் பை வரும் வழி

மதுரையிலோ திருச்சியிலோ ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு ஆளைச் சேர்த்தால், கூட இருப்பவரின் காதில் சீக்கிரமே விழும் பேச்சு இது: "ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணிடுங்க." ஒரு படிவத்தையும் நோயாளியின் ரத்த மாதிரிக் குழாயையும் எடுத்துக்கொண்டு வெளியே உள்ள ரத்த வங்கிக்கு ஓட வேண்டும். பதிலுக்கு ரத்தம் கொடுக்க மச்சானையோ பக்கத்து வீட்டுப் பையனையோ பிடித்துவர வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இந்த ஓட்டம் உறவினருக்கு இல்லை. விடுதியிலிருந்து, அதாவது வார்டிலிருந்து, கோரிக்கை வைத்தியசாலையின் இரத்த வங்கிக்குப் போகிறது. ரத்தம் விடுதிக்கு வருகிறது.

காரணம் அமைப்பில் இருக்கிறது. இலங்கையில் நாரஹேன்பிட்டியைத் தலைமையகமாகக் கொண்ட ஒரே தேசிய இரத்த மாற்றுச் சேவை நாடு முழுவதையும் கவனிக்கிறது. 2014-இல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடைக்கு மாறிவிட்டார்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பால், பணத்துக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. அது பெரிய காரியம். ஆனால் அரசு, தனியார், அறக்கட்டளை என்று வங்கிகள் தனித்தனியே உரிமம் பெற்று இயங்குகின்றன. உறவினரிடம் மாற்று ரத்தம் கேட்கும் பழக்கமும் விடவில்லை.

இந்தப் பழக்கத்தைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். அக்காவின் பிரசவத்துக்கென்று இழுத்துவரப்பட்ட தம்பி, படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு எல்லோர் முன்னாலும் எப்படி உண்மை சொல்வான்? தொற்றிய புதிதில் எச்.ஐ.வி. பரிசோதனையிலும் தெரியாமல் போகலாம். அங்கே கொடையாளரின் வாய்மொழி ஒன்றே காவல். பரிசோதனையும் தகவலும் தவறினால் என்ன ஆகும் என்பதை 2018-இல் சாத்தூரில் கண்டோம். ஓர் இளைஞர் உறவினருக்காகக் கொடுத்த ரத்தம், எச்.ஐ.வி. தொற்றோடு ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. தொற்று தனக்கு இருப்பதை வெளிப் பரிசோதனையில் அறிந்து, தானே வந்து சொன்னவர் அந்த இளைஞர்தான்.

கட்டிலருகே வந்தால் இரு நாட்டுக்கும் வேலை ஒன்றே. இலங்கையில் பி.எச்.டி. எனும் கட்டில் சீட்டு இலக்கம், இங்கே ஐ.பி. எனும் உள்நோயாளி எண், அதை இரண்டு பேர் பையோடும் படிவத்தோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். "நீங்கதானே செல்வி?" என்று கேட்கக் கூடாது. மயக்கத்திலும் வலியிலும் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அடுத்த கட்டிலில் இன்னொரு செல்வி இருப்பார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு அவர் வாயால் வரவழைக்க வேண்டும். உயிரைப் பறிக்கும் தவறுகளில் பல, ரத்த வகை பார்ப்பதில் நேர்வதல்ல; ஆள் மாறுவதிலும் குழாயில் பெயர் மாறுவதிலும் நேர்கின்றன.

பை சில்லென்று இருக்கிறதே என்று சிலர் சுடுநீரில் வைக்கிறார்கள். சிவப்பணுக்கள் உடைந்துவிடும், கூடவே கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை அரை மணிக்குள் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் 15 நிமிடம் நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே நர்ஸ் முப்பது கட்டிலைப் பார்க்கும் வார்டில் இது எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே. அதற்கு ஆள் போடுவது அரசின் கடமை.

துணைக்கு இருப்பவர்களே, ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் என்று நோயாளி சொன்னால் "கொஞ்சம் பொறு" என்று அடக்காதீர்கள். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஏறுவதை அந்த நொடியே நிறுத்தச் சொல்லுங்கள்.