மாறிய இசையும் மாறாத செவியும்

ஒரு கலைஞனைப் பாராட்டும்போது நாம் இரண்டு செயல்களை ஒருங்கே செய்கிறோம். அவன் படைத்ததைப் போற்றுகிறோம். இனியும் அதனையே படைத்துத் தருக என்று வாய்விட்டுச் சொல்லாமலே கேட்டும் விடுகிறோம். முன்னது நன்றி, பின்னது ஆணை. அந்த ஆணைக்குக் கலைஞன் பணியாதபோது நன்றி சினமாக மாறுகிறது. அச்சினத்துள் நியாயம் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது திறனாய்வின் கடமையாகும். இதற்குத் தக்க சான்றாக, ஆங்கில ராக் இசையுலகில் 2000ஆம் ஆண்டில் எழுந்த ஒரு வழக்கை ஈண்டு ஆராய்வோம்.

தமிழாசிரியர் படிக்கும் பக்கத்தில் ராக் இசைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். நம் பள்ளிகளில் பயின்று சென்ற இளைஞர் பலர் விரும்பிக் கேட்பது இத்தகைய இசையே. அவர்கள் கேட்பதை அறியாமல் அவர்களுடைய சுவையைக் குறை கூறுதல் முறையன்று. மேலும், செய்யுளாயினும் இசையாயினும் மதிப்பிடும் நெறி ஒன்றே.

வழக்கின் வரலாறு

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகேயுள்ள அபிங்டன் என்னும் ஊரில், ஒரே பள்ளியில் பயின்ற ஐவர் 1985இல் ஓர் இசைக்குழு அமைத்தனர். பின்னர் ரேடியோஹெட் என்று பெயர் பூண்டது அக்குழு. தாம் யார்க் பாடகர். ஜானி கிரீன்வுட்டும் எட் ஓபிரையனும் கித்தார் வாசிப்பவர். காலின் கிரீன்வுட் பேஸ் கித்தார். பிலிப் செல்வே டிரம்ஸ். 1992இல் வெளிவந்த ‘கிரீப்’ என்னும் பாட்டு அவர்களுக்குப் பெயர் தேடித் தந்தது. 1995இல் ‘தி பெண்ட்ஸ்’, 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ என்னும் இசைத்தொகுப்புகள் வந்தன. பின்னது அக்காலத்துச் சிறந்த ராக் படைப்புகளுள் ஒன்றெனப் பாராட்டப்பெற்றது. உயர்ந்து விரியும் குரல், அதனைத் தாங்கியும் மோதியும் செல்லும் கித்தார்கள், மெல்லத் தொடங்கி வெடித்து முடியும் பாட்டு அமைப்பு ஆகியவையே அக்குழுவின் முத்திரை என இரசிகர்கள் உள்ளத்தில் பதிந்துவிட்டன.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2000 அக்டோபரில், ‘கிட் ஏ’ வந்தது. ஆவலோடு கேட்டவர்கள் திகைத்தனர். முதற்பாட்டில் கித்தார் ஒலியே முன்னிற்கவில்லை. மின்விசைப்பலகை ஒன்று சுழன்று சுழன்று ஒலிக்க, பாடகரின் குரல் பொறியால் துண்டுபட்டுச் சிதறி வந்தது. ஒரு பாட்டில் பித்தளைக் குழல்கள் கூட்டமாய் முழங்கின. மற்றொன்றில் பாடலே இல்லை. ஒலி மட்டும் மேகம்போல் மிதந்தது. ‘இடியோடெக்’ என்னும் பாட்டு, பால் லான்ஸ்கி என்னும் அமெரிக்கர் 1973இல் கணிப்பொறியைக் கொண்டு இயற்றிய இசையின் சிறு துணுக்கை அடிப்படையாகக் கொண்டது. பிரெஞ்சுக்காரரான மொரீஸ் மார்த்தெனோ 1928இல் அறிமுகப்படுத்திய ஓந்த் மார்த்தெனோ என்னும் பழைய மின்னிசைக் கருவியையும் ஜானி கிரீன்வுட் வாசித்தார். வானொலிக்கென்று தனிப்பாட்டு எதுவும் இத்தொகுப்பிலிருந்து வெளியிடப்படவில்லை.

இருதரப்பு வாதங்கள்

பிரிட்டிஷ் இசை வார இதழான மெலோடி மேக்கர் இதற்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தந்தது. பிட்ச்ஃபோர்க் என்னும் அமெரிக்க இசையிதழோ பத்துக்குப் பத்து வழங்கியது. ஒரே விடைத்தாளை ஒரு தேர்வாளர் தவறவிட, மற்றொருவர் முழு மதிப்பெண் இட்டால் நாம் விடைத்தாளை மட்டுமா ஐயுறுவோம்? தேர்வாளர் கையிலுள்ள அளவுகோலையும் வாங்கிப் பார்ப்போம் அல்லவா? அவ்வாறே இங்கும் பார்ப்போம்.

எதிர்த்தோர் வாதங்களுள் முதலாவது, இக்குழு தன்னை வளர்த்த இரசிகர்களுக்குத் துரோகம் இழைத்துவிட்டது என்பது. இக்குரல் பழமையானது. பாப் டிலன் 1965இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்கித்தாரோடு மேடையேறியபோது கூச்சல் எழுந்தது. 1966இல் மான்செஸ்டரில் ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என்றே அழைத்தார். இவ்வாதம் படைப்பைப் பற்றிப் பேசவில்லை. உறவைப் பற்றிப் பேசுகிறது. நேற்று வாங்கிய இசைத்தட்டு இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதனை எவரும் பறிக்கவில்லை. ஆகவே இது இழப்பின் வருத்தமே தவிர மதிப்பீடு அன்று. வருத்தத்தை மதிக்கலாம், தீர்ப்பாக ஏற்க இயலாது.

இரண்டாவது வாதம் வலியது. ‘ஹை ஃபிடெலிட்டி’ என்னும் புதினத்தை எழுதிய நிக் ஹார்ன்பி, நியூயார்க்கர் இதழில் இத்தொகுப்பைக் குறித்து எழுதினார். இதனைச் சுவைக்க இரவுதோறும் அமர்ந்து பொறுமையோடு கேட்கவேண்டும். வேலையும் குடும்பமும் உடையவர்க்கு அதற்கு ஓய்வேது என்பது அவர் கருத்தின் சாரம். இதனை எளிதில் தள்ளிவிடக் கூடாது. தோட்டத்து மக்களிடையே நெடுங்காலம் பணிபுரிந்த எனக்கு, உழைத்துக் களைத்தவரின் செவி எதை நாடும் என்பது தெரியும். இருளில் எழுந்து வேலைக்காட்டுக்குச் சென்று திரும்பியவருக்கு அறிந்த பாட்டே ஆறுதல். அவரைச் சுவையற்றவர் என்பவன் கல்நெஞ்சன்.

ஆயினும் இவ்வாதம் நிறுவுவது யாது? இத்தொகுப்பு உழைப்பைக் கேட்கிறது என்பது ஒன்றே. உழைப்பைக் கேட்பது குற்றமாயின் சங்கச் செய்யுள் முழுவதும் குற்றமாகும். நாம் கேட்கவேண்டிய கேள்வி, அவ்வுழைப்புக்குத் தக்க கூலி கிடைக்கிறதா என்பதே. கேட்குந்தோறும் புதிது தோன்றினால் கடுமை நியாயமானது; தோன்றாவிடில் அது வீண்பூச்சு.

மூன்றாவது வாதம், இவ்விசை இவர்களுக்குச் சொந்தமன்று, மின்னிசைக் கலைஞர்களிடம் கடன் வாங்கியது என்பது. கடன் உண்மையே, ஏபெக்ஸ் ட்வின் முதலானோர் அப்பாதையில் முன்னரே நடந்தவர்கள். ஆனால் கடன் வாங்கியவன் அதைக்கொண்டு என்ன செய்தான் என்று பார்த்த பின்னரே பழிக்கலாம்.

ஆதரித்தோரிடத்தும் குறை உண்டு. அவருள் ஒரு சாரார் புதுமையைப் புதுமை என்பதற்காகவே போற்றினர்; பிடிக்காதவரைப் பழமையர் என்று இகழ்ந்தனர். மாற்றம் வழுவன்று என்று கூற நமக்கு நன்னூல் நூற்பா ஒன்று துணை நிற்கும். ஆனால் அந்நூற்பா மாறியவை அனைத்தும் நன்று என்று கூறவில்லை என்பதையும் ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

படைப்பை நோக்கின்

இனிப் படைப்பையே நோக்குவோம். இம்மாற்றம் திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. 1997இன் தொகுப்பிலேயே ‘ஃபிட்டர் ஹேப்பியர்’ என்னும் பகுதியை மனிதர் பாடவில்லை. கணிப்பொறிக் குரல் ஒப்பித்தது. ‘ஏர்பேக்’ பாட்டின் தாளம் கணிப்பொறியில் வெட்டி ஒட்டப்பட்டது. வித்து அங்கேயே இருந்தது. செவிகள் அதனைக் கித்தார் ஒலியின் அடியில் கேளாமல் விட்டன.

‘கிட் ஏ’ தொகுப்பிலும் பழமை முற்றும் அழியவில்லை. ‘ஆப்டிமிஸ்டிக்’ கித்தார்ப் பாட்டே. ‘ஹவ் டு டிஸ்அப்பியர் கம்ப்ளீட்லி’ என்பதில் எளிய கித்தாரின்மேல் வில்லிசைக் கருவிகள் அலையலையாய் எழுகின்றன. இறுதிப் பாட்டு, மிதித்து ஊதும் ஆர்மோனிய வகைக் கருவியோடு நிகழ்வது. அது குழுவின் தொடக்க நாள்களிலேயே எழுதப்பட்ட பழம்பாட்டு. ‘ஓகே கம்ப்யூட்டர்’ பொறியுலகில் அகப்பட்ட மனிதனைப் பற்றிப் பாடியது. ‘கிட் ஏ’ அந்த மனிதனின் குரலையே பொறிக்குள் இட்டுக் காட்டியது. முன்பு பொருளாய் இருந்தது இப்போது வடிவமாயிற்று. கடன் வாங்கியதன் பயன் இதுவே. ஆதலின் இதனை வளர்ச்சி என்று கூறத் தடையில்லை.

குறையும் உண்டு. தாம் யார்க் சொற்றொடர்களைத் தாளில் எழுதி வெட்டித் தொப்பியிலிட்டு எடுத்துப் பாட்டுகளை அமைத்தார் என்பது அறிந்த செய்தி. அதனால் சில இடங்களில் சொல் ஒலியாக மட்டும் நின்றுவிடுகிறது; பொருளின் அழுத்தம் குறைகிறது. ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ என்னும் சொல்லில்லாப் பகுதி இரண்டு பாட்டுகளுக்கு இடையே ஓய்விடமாகப் பயன்படுகிறதே ஒழியத் தனித்து நிற்கும் வலிமை அதற்கில்லை. இக்குறைகளைச் சுட்டுபவரே உண்மை எதிர்ப்பாளர். துரோகம் என்று கூவுபவர் அல்லர்.

காலத்தின் தீர்ப்பு

‘ஓகே கம்ப்யூட்டர்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 21ஆம் இடமே எய்தியது. ‘கிட் ஏ’ வெளிவந்தவுடன் முதலிடம் பெற்றது. பத்தாண்டு முடிவில் ரோலிங் ஸ்டோன் இதழ் அப்பத்தாண்டின் சிறந்த தொகுப்பாக இதனைத் தேர்ந்தது. எனினும் பட்டியல்கள் வாதத்தை முடித்துவிடா. 2011இல் இக்குழு ‘தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்’ என்னும் குறுந்தொகுப்பை வெளியிட்டபோது இரசிகர் மீண்டும் பிளவுபட்டனர். பழைய சிறப்பு எங்கே என்ற குரல் மீண்டும் கேட்டது. இம்முறை பழைய சிறப்பு என்று காட்டப்பட்டவற்றுள் ‘கிட் ஏ’யும் அடங்கியது! அன்றைய அத்துமீறல் இன்றைய அளவுகோல் ஆகிவிட்டது. அளவுகோல் நம் பழக்கத்தால் ஆனது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்வழக்கு ஆசிரியர்களாகிய நமக்கும் உரியது. நாம் பழக்கிய நடையில் நன்கு எழுதிவந்த மாணவன் ஒருவன், திடீரென வேறு நடையில் ஒரு கட்டுரை கொண்டு வருகிறான். சிவப்பு மை நம் கையில் இருக்கிறது. முதலில் நமக்குத் தோன்றுவது, நன்றாக எழுதிக்கொண்டிருந்தவன் கெட்டுவிட்டான் என்பதே. மை இடுமுன் மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம். இம்மாற்றத்தின் வித்து அவனுடைய முந்திய எழுத்தில் இருந்ததா? புதிய வடிவம் அவன் சொல்லவந்த பொருளுக்கு வேண்டியதா? மறுமுறை படிக்கும்போது புதிது ஏதேனும் கிடைக்கிறதா? விடைகள் இல்லையென வந்தால் தயங்காமல் திருத்துக. ஆமெனில், நம் செவிக்குப் பழகும்வரை இன்னொரு வாரம் அத்தாளை மேசைமேல் வைத்திருந்து மீண்டும் படித்துவிட்டு மதிப்பெண் இடுக.